செல்லாக்காசு ரஹீம்

இடலாக்குடியில் போய் ரஹீம் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். செல்லாக்காசு ரஹீம் என்று கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பதற்கென்றே பிறந்தவர்கள் கோட்டாற்றுப் பக்கத்தில் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. ரஹீம் அதற்காக யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

தொழில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊரில் இருப்பார். மற்ற நாளெல்லாம் துருத்தியும் கரிச்சாக்குமாக மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று கடற்கரையோரம் நடைதான். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் குழி தோண்டி உலை மூட்டுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் உருளியும் செம்பும் குத்துப்போணியுமாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். முதலில் புளியையும் மணலையும் போட்டு, பாத்திரத்துக்குள் ஏறி நின்று, இடுப்பை வளைத்து வளைத்துக் காலால் தேய்க்க வேண்டும். அப்புறம் நெருப்பில் சுடவைத்து, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தை இழுகி, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே பார்ப்பவர் முகம் தெரியும். ரஹீமின் கை பட்ட பாத்திரம் பளபளக்கும். மங்கிய உலோகத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும் என்று அவர் மனைவி ஹமீதா பீவி சொல்வது சும்மா இல்லை.

கூலியாகச் சக்கரம் கொடுப்பவர்கள் உண்டு, நெல் கொடுப்பவர்கள் உண்டு, கருவாடு கொடுப்பவர்களும் உண்டு. எதுவும் இல்லாதவர்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் செல்லாக்காசைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திருவிதாங்கூரில் சர்க்கார் சக்கரம் செல்லும், வடக்கே இருந்து வரும் அணாவும் செல்லும். இங்கிலாந்தில் அடித்த பென்னி மட்டும் எந்தக் கடையிலும் செல்லாது. குளச்சல் துறைக்கு வந்த கப்பல்காரர்கள் யார் யாரிடமோ தள்ளிவிட்டுப் போனவை அவை. தள்ளிவிட்டவன் போய்விட்டான், ஏமாந்தவன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காசு கிடந்தது. "செம்புதானே சாயிபே, எடைக்குப் போட்டுக்கிடும்" என்பார்கள். ரஹீமும் எடைக்குப் போடத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். பார்த்த பிறகு எடைக்குப் போட மனசு வராது. இப்படியே ஒரு பானை நிறைந்துவிட்டது.

இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார். தலையில் இலை மாலை சுற்றிய கிழட்டு ராஜா மாலைக்காரன். சின்ன வயசு விக்டோரியா ராணி கொண்டைக்காரி. வயசான பிறகு துணி போட்ட அதே ராணி முக்காட்டுக்காரி. காசின் பின்பக்கத்தில் கேடயத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கையில் முத்தலைச் சூலத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவள் சூலக்காரி. அது பிரிட்டானியா, அந்தத் தேசத்தையே ஒரு பெண்ணாக வரைந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் சூலக்காரி என்றுதான் சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் நெஞ்சு காட்டிக்கொடுத்தது. நவச்சாரம் நெருப்பில் பட்டதும் எழும் வெள்ளைப் புகையைப் பதினைந்து வருஷமாக விழுங்கியவர். மழைக்காலத்தில் வந்த இருமல் வெயில்காலத்திலும் போகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மருந்து தருகிறேன், ஆனால் புகையை விடாவிட்டால் மருந்து வீண். விட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். புகையை விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது என்பதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை. வேறு தொழில் தெரியாது, நிலம் கிடையாது, மூன்று பெண் குழந்தைகள். ரஹீம் மறு வாரமே துருத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஹமீதா வாசலில் நின்று, அந்த இருமல் தெருமுனை திரும்புகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜேசுதாஸ் வந்தார். நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். மதராஸ் பேப்பரை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிற ஜாதி. தன் வீட்டு உருளிக்கு ஈயம் பூச வந்த ரஹீமின் மடியிலிருந்து ஒரு கொண்டைக்காரி விழுந்ததைப் பார்த்தார்.

"வோய் ரஹீம், மதராசுல ஒரு ஆளு பழைய இங்கிலீஷ் காசு வாங்குதாராம். பேப்பர்ல போட்டிருக்கு. உம்ம பானையில எத்தன இருக்கு?"

"அது கெடக்கு சாரே, இருநூறு இருக்கும். சும்மா வாங்குவாரா?"

"சும்மா இல்ல வோய், ரூவாய்க்கு!"

ரஹீமுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பானையிலிருந்து பதினேழு நல்ல காசாகப் பொறுக்கினார். மதராசுக்குப் போகிற சரக்கு, அழுக்கோடு அனுப்பலாமா? புளியும் மணலும் போட்டு, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தார். ஹமீதா சாம்பல் போட்டு இன்னொரு முறை தேய்த்தாள். கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோலப் பட்டுத்துணியில் சுற்றினார்கள். மகாராஜாவின் அஞ்சல் ஆபீஸ் திருவிதாங்கூருக்குள் மட்டும்தான் கொண்டுபோகும் என்பதால், நாகர்கோவிலில் இருந்த வெள்ளைக்காரன் தபாலாபீசுக்குப் போய் அரக்கு முத்திரை வைத்து அனுப்பிவிட்டு வந்தார்.

மூன்றாம் வாரம் பொட்டலம் திரும்பி வந்தது. பதினாறு காசு அப்படியே இருந்தது. கூடவே ஒரு கடிதமும் மூன்று ரூபாயும். ஜேசுதாஸ் கடிதத்தைப் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"என்ன சாரே எழுதியிருக்காரு?"

"வேண்டாம் வோய்."

"படியும். நான் என்ன பச்சப்பிள்ளையா?"

"'இந்தப் பதினாறையும் தோலுரித்துக் கொன்றவர் யாரோ அவருக்கு என் அனுதாபங்கள். இனி இவை செம்புக்கடைக்கு மட்டுமே ஆகும். பதினேழாவது காசுக்கு மூன்று ரூபாய் அனுப்பியுள்ளேன்.'"

ரஹீமுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பளபளப்பான பதினாறை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எந்தக் கோட்டிக்காரன் ஒரே ஒரு காசுக்கு மூன்று ரூபாய் அனுப்புவான்? அந்தப் பதினேழாவது எது என்று ஹமீதாவிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, தேய்க்கிறபோது ஒன்று சாக்கு மடிப்பில் விழுந்துவிட்டதாகவும், கிளம்புகிற அவசரத்தில் அழுக்கோடேயே பொட்டலத்துக்குள் போட்டதாகவும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கிப்போனது, பெரிய தப்புச் செய்தவள்போல.

அந்த அழுக்குக் காசுதான் விற்றது.

ரஹீம் இரண்டு நாள் தொழிலுக்குப் போகவில்லை. பானையில் மிச்சமிருந்த தேய்க்காத காசையும், திரும்பி வந்த தேய்த்த காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெயிலில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தேய்த்த ராணிக்குக் கொண்டையில் முடி இல்லை. வழுவழுவென்று ஒரே உருண்டை. தேய்க்காத ராணிக்குச் சீப்புப் போட்டு வாரிய தடம் இருந்தது. தேய்க்காத காசின் மேல் சுக்குக்காப்பி நிறத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு, நூறு வருஷமாகக் காற்றும் கையும் சேர்ந்து போட்டது. பச்சையாகப் பூக்கிற களிம்பு வேறு, அது நோய். இது தோல். தோல் இருந்தால்தான் உயிர். பதினைந்து வருஷமாகத் தான் செய்துவந்த வேலைக்கு நேர் எதிரான ஒன்றை அந்த இரண்டு நாளில் ரஹீம் தானாகவே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது பெரிசில்லை, கையை அடக்கினாரே, அதுதான் பெரிசு. பல நாள் ஒரு மங்கிய காசை எடுத்து, புளிப்பானைப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறார்.

தரம் பிரிப்பதற்கும் அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். 'முடி எண்ணலாம்' என்பது முதல் தரம். 'முடி தெரியும்' இரண்டாவது. 'முகம் தெரியும்' மூன்றாவது. 'ஆள் தெரியும்' நான்காவது. கடைசி, 'ஆளே தெரியாது'. ஜேசுதாஸ் இதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். பெரிய பெரிய இங்கிலீஷ் பெயர் சொல்லித் தரம் பிரிக்கிற மதராஸ்காரருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனதாம். ஒருநாள் ஹமீதா சோறு போட்டுக்கொண்டே, "அப்போ நான் எத்தனாம் தரம்?" என்று கேட்டாள். "ஒனக்குத் தரம் போட மதராஸ்காரனுக்கே தைரியம் வராதுட்டீ" என்றார் ரஹீம். அவள் சிரித்ததில் குழம்பு இலைக்கு வெளியே போனது.

வருஷங்கள் ஓடின. மாதம் நாலு காசு, ஐந்து காசு மதராசுக்குப் போகும். பத்து ரூபாய் வரும், சில மாதம் ஐந்து, சில மாதம் ஒன்றுமில்லை. அதை நம்பி உலையை அணைக்க முடியாது. இருமல் மட்டும் மாதம் தவறாமல் வளர்ந்துகொண்டே வந்தது. முப்பத்திரண்டாம் வருஷம் ஒரு தடவை துப்பியதில் சிவப்பு தெரிந்தது. ரஹீம் அதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். ஹமீதா பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் தை மாதம் மதராசிலிருந்து நீளமான கடிதம் வந்தது. ஜேசுதாஸ் இரண்டு தடவை தனக்குள் படித்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் வரை சுற்றி, பழைய இங்கிலீஷ் காசைப் பார்த்து, தரம் பிரித்து, விலை சொல்லி வாங்கி அனுப்ப மதராஸ்காரருக்கு ஒரு ஆள் வேண்டும். மாதம் இருபத்தைந்து ரூபாய், வழிச்செலவு தனி. மூன்று பேர் அவர் மனசில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பத்துக் காசு அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தரமும் காரணமும் எழுதி. காசைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து வாங்க வேண்டியவர் அவர். எழுத்து பொய் சொன்னால் அவர் கடை மூழ்கிவிடும். பத்தில் ஒன்று மட்டும் இன்னது என்று அவரே கேட்டிருந்தார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழில் அடித்த இரண்டு பென்னிக் காசு. உள்ளங்கை அகலம், விளிம்பு தடித்து வண்டிச் சக்கரம்போல இருக்கும். மாசி முடிவதற்குள் வந்து சேர வேண்டும்.

"இருவத்தஞ்சு ரூவா வோய்!" என்றார் ஜேசுதாஸ். "பொகையும் இல்ல, நெருப்பும் இல்ல. நடக்கணும், பாக்கணும், வாங்கணும்."

ரஹீம் வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபின், "அந்தப் பெரிய காசுக்கு எங்க போவேன் சாரே?" என்றார்.

ஒன்பது தயாராக இருந்தன. அதில் ஒன்று, அதே வருஷத்து ஒற்றைப் பென்னி. பெரிய காசின் தம்பி. அதே மாலைக்காரன், அதே சூலக்காரி, அளவு மட்டும் சின்னது. இரண்டு பக்கமும் முடி எண்ணலாம், சுக்குக்காப்பித் தோல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஆறு வருஷம் முன்பு தேங்காப்பட்டணத்தில் ஒரு வீட்டில் வாங்கியதை ரஹீம் விற்காமல் வைத்திருந்தார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கு அதுதான். பெரிய காசைத் தேடிக் கடற்கரை முழுக்க அலைந்தார். குளச்சலில் மீன் விற்கிற ராகேல் ஒன்றைத் தராசுப் படிக்கல்லாக வைத்திருந்தாள், இரண்டு பக்கமும் ஆளே தெரியாது. வேறெங்கும் இல்லை.

மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், எப்போதும்போல அங்கே போனார். கொடை சமயத்தில்தான் பாத்திரமெல்லாம் வெளியே வரும். நாகம்மை வீட்டு முற்றத்தில் உலை வைத்தார். நாகம்மைக்கு ஐம்பது வயதிருக்கும்; பதினைந்து வருஷமாக ரஹீமுக்கு முற்றமும் மத்தியானக் கஞ்சியும் கொடுத்து வருகிறவள். கஞ்சி ஊற்றும்போது ஏதாவது ஒரு குறை சொல்லாமல் ஊற்றமாட்டாள், அது அவள் சுபாவம். எல்லாப் பாத்திரமும் முடிந்தபின் சேலைத் தலைப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சாயிபே, இதையும் ஒரு தேய்ப்புத் தேச்சுத் தாரும். கொடைக்கு அம்ம பளிச்சுனு இருக்கணும். எனக்கு இப்பம் கைக்கு வலு இல்ல."

உள்ளங்கை அகலம். தடித்த விளிம்பு.

ரஹீம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சூலத்தோடு கடலோரம் உட்கார்ந்திருப்பவள், சுற்றிலும் அலை, தூரத்தில் கப்பல். மண்டைக்காட்டில் இருப்பவர்களுக்கு அது யாரென்று சொல்ல வேண்டுமா என்ன? நாகம்மையின் மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து பூஜை அறையில் அம்மனாக இருக்கிற காசு. வெள்ளிதோறும் புளி போட்டு விளக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து வந்திருக்கிறார்கள்.

புரட்டிப் பார்த்தார். ராஜா பக்கம் முடி எண்ணலாம். பட்டுத்துணியில் குப்புறவே கிடந்ததால் அந்தப் பக்கத்தை யாரும் சீண்டவில்லை. தோல் மினுமினுவென்று இருந்தது. அம்மன் பக்கம் வழுக்கை. எழுபது எண்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகள் முகத்தைத் தின்றுவிட்டன.

அந்த நேரத்தில் ரஹீமின் மனசில் ஓடியது அவ்வளவு அழகான எண்ணம் இல்லை. தேய்க்க வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி, தொலைந்துவிட்டது என்று நாலு சக்கரம் கொடுத்தால் என்ன? கிழவி ஒரு நாள் திட்டுவாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் பேசாமல் காசையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நாகம்மை வேறு விதமாக நினைத்துக்கொண்டாள்.

"என்ன சாயிபே, எங்க அம்மைய கழுவப்பிடாதுன்னு ஒங்க மார்க்கத்துல இருக்கா? பதினஞ்சு வருசமா என் கஞ்சியக் குடிக்கலாம், அம்மையத் தொடப்பிடாதோ?"

"ஐயோ யக்கா, அப்பிடி இல்ல!" என்று பதறினார் ரஹீம். "கோயில் உருளிக்கே நான்தானே வருசா வருசம் பூசுதேன். இன்னொரு தேய்ப்புத் தேச்சா அம்மைக்கு மொகமே இருக்காதுக்கா. அதனாலதான் கை வரல்ல."

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தன் சின்னப் பென்னியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் சூலக்காரிக்கு மூக்கும் வாயும் இருந்தன, சேலை மடிப்பு இருந்தது, சூலத்தின் மூன்று முனையும் தனித்தனியாக நின்றன. நாகம்மை அதைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவளுக்கும் இப்பிடி மொகம் இருந்துதா?"

"இருந்துதுக்கா."

"நான்தான் அழிச்சேனா?"

ரஹீம் கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்தார். "நானும் பதினாறு காச இப்பிடித்தான் தோலுரிச்சேன்" என்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே தேச்சோம் யக்கா."

நாகம்மை அழுதாள். வாய்க்காரி, யாருக்கும் பயப்படாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முப்பத்திரண்டு வருஷம் வெள்ளி தவறாமல் தன் கட்டைவிரலாலேயே அம்மன் முகத்தைத் துடைத்து எடுத்துவிட்டோம் என்பது லேசான விஷயமா? அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மொகம் பின்னப்பட்ட அம்மைய பூசையில வைக்கப்பிடாது சாயிபே. கடல்ல கொண்டு விடணும். இப்பமே போயிட்டு வாறேன்."

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவள் செருப்பில்லாமல் வாசலில் இறங்கியும்விட்டாள். ரஹீம் உலையைத் தாண்டி ஓடிப்போய் முன்னால் நின்றார். ஓடியதில் இருமல் பிடித்துக்கொண்டது. முழங்காலில் கையை ஊன்றி, கண்ணில் நீர் வர இருமினார். அவள் காசைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா," என்றார் மூச்சு வந்ததும், "நான் பொய் சொல்லல்ல. மொதல்ல ஒங்கள ஏய்ச்சு அத எடுத்துக்கிடலாம்னு நெனச்சேன். அல்லா மன்னிக்கணும். அந்தக் காசு இருந்தா எனக்கு மதராஸ்காரர் ஒரு சோலி தருவாரு. இந்தப் பொகைய விட்டுரலாம். இல்லேன்னா..." இல்லாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அந்த முற்றத்தில் அவர் இருமியதைக் கேட்டவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

"அம்மைய விக்கமாட்டேன்."

"விக்க வேண்டாம். எனக்க காச வச்சுக்கிடுங்க. இதே அம்மைதான், மொகத்தோட இருக்கா. உள்ளதச் சொல்லுதேன் யக்கா, மதராசுல இந்தச் சின்னதுக்குத்தான் வெல கூட. ஒங்களோடதுக்குப் பாதிகூடக் கெடைக்காது."

"வெல கூடுனதக் குடுத்துட்டுக் கொறஞ்சத வாங்கப் போறேராக்கும்? கோட்டியா ஒமக்கு?"

"அவரு கேட்டது பெருசுல்லா."

நாகம்மை சின்னக் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்ம கொஞ்சம் மெலிஞ்சிட்டா" என்றாள், குறை சொல்லாமல் இருக்க முடியாதவள். ஆனால் கை அதை விடவில்லை. பழைய சிலையை எடுக்குமுன் புதியதைக் குடியேற்றிவிட வேண்டும், அதுதான் முறை. உள்ளே போனாள். மணிச்சத்தம் கேட்டது, கற்பூர வாசனை வந்தது. ரஹீம் முற்றத்திலேயே நின்றார். தன் கையில் இருந்தால் அது காசு, அவள் கையில் இருந்தால் அம்மன். அது அவள் பாடு, நமக்கென்ன என்று சொல்லிக்கொண்டார். திரும்பி வந்தபோது நாகம்மை பெரிய காசை வெறும் கையில், குங்குமம் துடைத்துக் கொண்டுவந்தாள்.

"அம்ம மாறிக்கிட்டா. இனி இது செம்புதான். கொண்டு போவும். சோலி கிடைச்சா ஒரு வாக்குச் சொல்லி விடும்."

இரண்டு நாள் கழித்து ஜேசுதாஸ் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது காசுக்கும் தரமும் காரணமும் எழுதியாயிற்று. தன் உயர்ந்த சரக்கு போய்விட்டதால் அதன் இடத்தில் ஒரு சாதாரண முக்காட்டுக்காரியை வைத்திருந்தார் ரஹீம். கடைசியாகப் பெரிய காசு.

"எழுதும் சாரே. ராஜா பக்கம், முடி எண்ணலாம். அம்ம பக்கம், ஆளே தெரியாது. மொத்தத்துக்குத் தரம், ஆளே தெரியாது."

ஜேசுதாஸ் பேனாவை வைத்துவிட்டார். "வோய்! ஒரு பக்கம் மொதத் தரம், ஒரு பக்கம் கடைசித் தரம். நடுவுல 'முகம் தெரியும்'னு போட்டாத்தான் என்ன? பொய்யும் இல்ல."

"எந்தப் பக்கம் மோசமோ அதுக்குத்தான் தரம். ஒரு பக்கம் ஓட்டையான உருளிக்கு நடுத்தரம்னு நான் சொன்னா நீரு ஒத்துக்கிடுவேரா?"

"காரணம் என்னன்னு எழுத?"

"எழுவது வருசம் வெள்ளிக்கிழமப் புளி."

"புளின்னு இங்கிலீஷ்ல எழுதி மதராசுக்கு அனுப்பச் சொல்லுதேரா?"

"பின்ன? புளிதானே தேச்சுது."

ஜேசுதாஸ் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். இந்த ஆளுக்கு நெஞ்சும் போயிற்று, புத்தியும் போயிற்று என்று அன்று தன் வீட்டில் சொன்னாராம்.

மாசி முடிந்தது. பங்குனியும் பாதி போயிற்று. மற்ற இருவரில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தூத்துக்குடிக்காரர் என்றார்கள், பெரிய பெரிய காசு வைத்திருப்பவர் என்றார்கள். ரஹீம் அதற்குமேல் விசாரிக்கவில்லை. வெளியூர் நடக்கச் சத்தில்லாமல், வீட்டுக் கொல்லையிலேயே குழி தோண்டி உலை வைத்தார். இடலாக்குடிப் பாத்திரங்கள் அங்கே வந்தன. ஹமீதா வாசலில் இருந்து தெருவைப் பார்ப்பதும், கொல்லைக்கு வந்து அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஜேசுதாஸ் சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லை. அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். ரஹீம் ஓர் உருளியை நெருப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஜேசுதாஸ் கடிதத்தை நின்றபடியே தமிழில் சொன்னார்.

"'பத்துக் காசையும் உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் நான் முதலில் தரம் பிரித்தேன். பிறகு ஒத்துப் பார்த்தேன். ஏழில் நாம் ஒத்துப்போகிறோம். மூன்றில் நீங்கள் தவறிவிட்டீர்கள்.'"

ரஹீம் உருளியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். மூன்று தவறு என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? ஹமீதா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும் வோய், இன்னும் இருக்கு" என்றார் ஜேசுதாஸ். "'மூன்றிலும் உங்கள் காசுக்கு நீங்கள் போட வேண்டியதைவிடக் குறைத்தே போட்டிருக்கிறீர்கள். மற்ற இருவரும் தவறிய இடத்திலெல்லாம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்லித் தவறுகிற ஆளைத்தான் பத்து வருஷமாக நான் தேடுகிறேன். புளியைப் பற்றி எழுதிய வரியைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சித்திரை முதல் தேதியிலிருந்து சம்பளம்.'"

கண் கலங்கியதைக் காட்டாமலிருக்க ஜேசுதாஸ் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார், மடித்ததையே மறுபடி மடித்தார். ரஹீம் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு உருளி பாக்கி இருக்கு. அதப் பூசிக் குடுத்துட்டு நிறுத்திரலாம்."

ஹமீதா உள்ளே போனாள். இடுப்பில் தண்ணீர்க்குடத்தோடு வந்தாள். உலைக்கு நேரே நின்று குடத்தைக் கவிழ்த்தாள். கரி சீறியது, கொல்லை முழுக்க ஆவி எழுந்தது.

"ஏட்டி, அடுத்தவங்க பாத்திரம்!" என்று கத்தினார் ரஹீம்.

"பூசாமக் கொண்டு குடுக்கேன். ஏசுனா நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள் ஹமீதா. சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

ரஹீமுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. வழக்கம்போல நீண்டது, குனிய வைத்தது, பிறகு மெல்லத் தணிந்து நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது, ஹமீதா வெறும் குடத்தை இன்னும் இரண்டு கையாலும் உலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.